கதிர் உச்சியில் இருந்தால் சோளம்

1998 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. ஹூஸ்டனில் தீபாவளிப் புடவை எடுக்க வேண்டிய நான், ஒரு வேளாண் கல்லூரி ஊரில் போய் நின்றேன். காரணம் என் கணவர் சேகர். கோவில்பட்டிக்காரர், வேளாண்மை படித்துவிட்டு இங்கே கம்ப்யூட்டரைக் கட்டி அழுகிறார். பழைய வேளாண் கல்லூரி என்றால் போதும், மனிதருக்கு இருப்புக் கொள்ளாது.

வீட்டிலிருந்து 95 மைல். எட்டு மணிக்குக் கிளம்பி, வழி தப்பி, பத்தேகாலுக்குச் சேர்ந்தோம். பார்க்கிங் மூன்று டாலர். அன்று ஒரு மணிக்குக் கல்லூரி அணியின் ஃபுட்பால் ஆட்டம் (பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ரகம்). டிக்கெட் பன்னிரண்டு டாலர். அதுவரை பொழுது போக நூலகத்தின் பழைய புகைப்படங்கள் அறைக்குப் போனோம். அது இலவசம்.

அங்கே உதவிக்கு இருந்த டோரத்தி ஆன்ட்டிக்கு எண்பது வயது. முகமே சரியில்லை. கல்லூரி அணியின் முதல் சீசனில் ஆடியவர்களின் பெயர்களை அன்று ஆட்ட இடைவேளையில் வாசிக்கப் போகிறார்களாம். அவருடைய அப்பாவும் ஆடியவர்தானாம், ஆனால் பட்டியலில் பெயர் இல்லை. அவர் நிற்கும் ஒரே படத்தின் கீழே ஒட்டிய சீட்டில் 'பின்னணியில் மக்காச்சோளம்' என்று இருந்தது. பண்ணைப் பதிவேட்டின்படி மைதானத்துக்கு அருகில் அதைப் போட்டது இரண்டாம் வருடம். அதனால் அவர் இரண்டாம் வருட ஆள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

சேகர் பூதக்கண்ணாடி கேட்டார். ஆட்களைப் பார்க்கவே இல்லை.

"இங்க பாரு, கதிர் உச்சியில தலைகுனிஞ்சு நிக்குது. மக்காச்சோளம்னா கதிர் நடுத்தண்டுல இருக்கும். இது மக்காச்சோளம் இல்ல, நம்ம சோளம்" என்றார் என்னிடம். பிறகு ஆன்ட்டியிடம் ஆங்கிலத்தில் விளக்கி, பதிவேட்டில் முதல் வருடப் பக்கத்தைத் திருப்பச் சொன்னார். மைதானத்துக்கு அருகில், சோளம்! நூலகர் வந்து இரண்டு முறை பார்த்துவிட்டு ஸ்டேடியத்துக்கு ஃபோன் போட்டார்.

இடைவேளையில் பதினான்கு பெயர் வாசித்தார்கள். சற்று நிறுத்தி, பதினைந்தாவது. எங்களோடு ஆட்டம் பார்க்க வந்திருந்த ஆன்ட்டி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த முதல் சீசனில் ஆடியது நான்கு ஆட்டம், நான்கிலும் தோல்வியாம்.

"எங்கப்பா நாலுலயும் தோத்தார்னு இனிமே தைரியமா சொல்லலாம்" என்று சிரித்தார் ஆன்ட்டி.

போகிறவர்களுக்கு: தொப்பி அவசியம், வெயில் மண்டையைப் பிளக்கும். ஸ்டேடியத்து சாண்ட்விச் நாலு டாலர், உப்பும் இல்லை உறைப்பும் இல்லை, புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள். பழைய புகைப்படங்கள் அறையைப் பன்னிரண்டுக்கு மூடிவிடுவார்கள். முதல் அணியின் படத்தைத் தேடிப் பாருங்கள். இப்போது அதன் கீழே புதுச் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்: பின்னணியில் சோளம்.

புடவை இன்னும் எடுக்கவில்லை. கேட்கவும் மனசு வரவில்லை.