கறுப்பு டேப் சுற்றிய பெருங்காய டப்பா

இரண்டு வருடங்களுக்கு முன் ஏப்ரல் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். டெக்ஸாஸில் டாலஸ் பக்கம் இருக்கும் காப்பெல் என்ற எங்கள் ஊரில், வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள பார்க்கில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஒரு பெண் போலீஸ். கையில் இருப்பதைத் தரையில் வைத்துவிட்டு நான்கு அடி பின்னால் போகச் சொன்னார். என் கையில் இருந்தது பெருங்காய டப்பா.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் இப்போது வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. பொது இடத்தில் யாராவது ஒரு சின்னப் பெட்டியை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தை ஆப்பில் போடுவார்கள். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே தேடிப் போவார்கள். கண்டுபிடித்ததும் உள்ளே இருக்கும் குட்டி நோட்டில் பெயர் எழுதிவிட்டு, இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். கணவரின் வேலைக்காக இங்கே வந்து, வேலை பார்க்க அனுமதியில்லாமல் வருடக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு, இந்த ஊரின் ஓடைகளையும் பாலங்களையும் காட்டியவை அந்தப் பெட்டிகள்தான்.

ஒரு வருடம் தேடியாயிற்று. பிறகு நானே ஒளித்துவைக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. வந்ததும் தலைகால் புரியவில்லை. மூன்றே வாரத்தில் பதினொன்று வைத்தேன். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே மைலில் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி வேண்டும் என்பது விதி. வரைபடத்தில் எங்கெல்லாம் அந்த இடைவெளி காலியாகத் தெரிந்ததோ அங்கெல்லாம் ஒன்றைச் செருகினேன். இடத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்கிவிட்டீர்களா என்று ஆப் ஒவ்வொரு முறையும் கேட்கும். பார்க் எல்லாருக்கும் பொதுதானே என்று, யாரையும் கேட்காமலேயே ‘ஆம்’ என்று அழுத்திக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாவதுதான் அந்த டப்பா. நிழலில் தெரியாமல் இருக்கட்டும் என்று கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றியிருந்தேன். நடைபாதையின் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒரு புதர், அதை ஒட்டி ஒரு வீட்டின் மரவேலி. குந்தி உட்கார்ந்து டப்பாவைச் செருகிக்கொண்டிருந்தபோது வேலிக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். என்ன செய்கிறாய் என்று கேட்டார். விளையாட்டு என்றேன். மேற்கொண்டு விளக்க முடியாமல் ஆங்கிலம் தடுமாறியது. அவர் தள்ளி நின்று என்னைப் படம் எடுத்தார். பிறகு போலீஸுக்கு போன் செய்தார்.

நான் கிளம்பிப் போயிருக்கலாம். போனால் திருடி என்றே முடிவாகிவிடும் என்று தோன்றியது. டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். வரட்டும் என்று உட்கார்ந்தேன்.

வந்த போலீஸ், உள்ளே என்ன என்று கேட்டார். நோட்டு, பென்சில், பிளாஸ்டிக் டைனோசர் என்றேன். கையுறை மாட்டிக்கொண்டு மெதுவாகத் திறந்தார். பெருங்காய வாசனை முகத்தில் அடித்ததும் மூக்கைச் சுளித்தார். நோட்டைப் பார்த்ததும் அவர் தோள்கள் இறங்கின. அவருடைய தம்பியும் இதை விளையாடுவானாம். ஆனால் அடுத்த கேள்வி அனுமதி எங்கே என்பது. வாங்கவில்லை என்றேன். அடுத்தவர் வேலியோரம் கறுப்பு டேப் சுற்றிய டப்பாவை வைத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், தான் இல்லாமல் வேறு யாராவது வந்திருந்தால் இது வேறு மாதிரி முடிந்திருக்கலாம் என்று கண்டிப்பாகவே சொல்லிவிட்டு, வழக்கு எதுவும் எழுதாமல் போனார்.

அதோடு முடிந்திருந்தால் எழுத ஒன்றுமில்லை. அன்று சாயங்காலமே அந்தப் படம், அக்கம்பக்கத்தார் செய்தி பகிரும் ஆப்பில் வந்துவிட்டது. மஞ்சள் சுடிதாரில் குந்தியிருக்கும் நான். மேலே ‘சந்தேகத்துக்குரிய பெண்’. அங்கிருந்து எங்கள் தமிழ்ப் பெண்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்தது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் பள்ளியில் ஒருத்தி போனை நீட்டி, இது உன் அம்மாதானே என்று கேட்டிருக்கிறாள். மகள் வீட்டுக்கு வந்து, “அம்மா, ப்ளீஸ், ஜஸ்ட் ஸ்டாப்,” என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கணவருக்குப் பயம். “கிரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கு. இந்த நேரத்துல போலீஸ் அது இதுன்னு ஏதாவது ஆச்சுன்னா என்ன பண்றது? ஒரு டப்பாவுக்காக ரிஸ்க் எடுக்கணுமா?”

“டப்பா வெச்ச எடம் தப்புங்க. கேக்காம வெச்சதும் தப்பு. ஒத்துக்கறேன். ஆனா நான் பார்க்ல ஒக்காந்திருந்ததும் தப்பா?”



அந்த வாரம், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில், எங்களுக்கு நெருக்கமான ஓர் அங்கிள் தட்டோடு பக்கத்தில் வந்து அமர்ந்தார். “நமக்கு எதுக்கும்மா இதெல்லாம்? வந்த எடத்துல யார் கண்ணுலயும் படாம இருந்துட்டுப் போறதுதான் சேஃப்.”

“பதிமூணு வருஷம் ஆச்சு அங்கிள். என் பொண்ணு இங்கதான் பொறந்தா. இன்னும் எத்தன வருஷம் கண்ணுல படாம இருக்கணும்?” என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. சாதம் பிசைந்த கைகள் எல்லாம் நின்றன. நான் மட்டும் சாப்பிட்டேன்.

மறுநாளே வைத்ததையெல்லாம் எடுக்கக் கிளம்பினேன். பயந்து இல்லை. அனுமதி கேட்காமல் வைத்தது என் தப்பு என்பதால். போன இடமெல்லாம் எனக்குப் பாடம் இருந்தது. இன்னொரு பெருங்காய டப்பாவை வாசனைக்கு வந்த ரக்கூன் என்ற காட்டு விலங்கு கடித்துக் குதறியிருந்தது. இரண்டில் தண்ணீர் புகுந்து நோட்டு கூழாகியிருந்தது. ஒன்றின்மேல் நெருப்பெறும்புகள் புற்றே கட்டிவிட்டன. பாலத்தடியில் வைத்ததை எடுக்கப் போனபோது, ஒதுங்கி நிற்க இடமில்லாத சாலையோரத்தில் லாரிகள் என்னை உரசுவதுபோலப் போயின. உள்ளே நோட்டில் கோணல்மாணலாக ஒரு குழந்தையின் கையெழுத்து. அந்தக் குழந்தையும் இந்தச் சாலையோரமாகத்தான் வந்திருக்கும்.

அங்கேதான் உறைத்தது. ஒளித்துவைக்கிற என்னைப் பற்றி மட்டுமே இத்தனை நாளும் யோசித்திருக்கிறேன். தேடி வருகிறவர்களைப் பற்றி யோசிக்கவே இல்லை. அந்த வேலியோரம் டப்பாவை விட்டுவந்திருந்தால், தேடி வரும் ஒவ்வொருவரும் என்னைப் போலத்தான் குந்தியிருப்பார்கள். அவர்களையும் யாராவது படம் எடுத்திருப்பார்கள்.

நீண்ட காலமாக விளையாடும் ஒருவர், எதற்கு வம்பு, ஊருக்கு வெளியே காட்டுக்குள் வை, யாரும் பார்க்க மாட்டார்கள் என்று ஆலோசனை சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் கேட்கவில்லை. ஊர் நடுவில், அதே பார்க்கில், எல்லாரும் பார்க்கும் இடத்தில்தான் வைப்பது என்று முடிவு செய்தேன்.

நகராட்சியின் பார்க் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். முதல் முறை, இப்படி யாரும் வந்து கேட்டதே இல்லை என்றார்கள். இரண்டாம் முறை ஒரு படிவம் கொடுத்தார்கள். மூன்றாம் முறை மூன்று இடங்களுக்கு அனுமதிக் கடிதம் கிடைத்தது. எனக்கென்று நானே சில கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு பெட்டிக்கு மேல் இல்லை. முன்பு வைத்ததெல்லாம் நனையாமல் உடையாமல் இருந்தால்தான் அடுத்தது. நடந்து போய்ப் பார்த்துக்கொள்ள முடியாத இடமே வேண்டாம். யார் தேடினாலும், எந்த நிறத்தவர் எந்த உடையில் வந்து குனிந்து தேடினாலும், சாதாரணமாகத் தெரிகிற இடமாக இருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி. குளத்தைச் சுற்றிப் போகும் நடைபாதையில் ஊரே கூடியிருந்தது. உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடி போன்ற பெட்டி, மேலே கொட்டை எழுத்தில் விளையாட்டின் பெயர். கணவர், நான் கூப்பிடாமலேயே கூட வந்தார். கடிதத்தின் நகலை மடிக்காமல் கையில் பிடித்திருந்தார். மகள் காரை விட்டு இறங்கவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை.

பெட்டியை வைத்து நிமிர்ந்தபோது அந்த வேலிக்காரர் நாயைப் பிடித்துக்கொண்டு வந்தார். நின்றார். நானே முன்னால் போய், அன்றைக்கு உங்கள் வேலிப் பக்கம் வைத்தது என் தப்பு என்று நிதானமாகச் சொன்னேன். இந்த முறை ஆங்கிலம் தடுமாறவில்லை. கணவர் நீட்டிய கடிதத்தை அவர் கடைசி வரி வரை படித்தார். சரி என்றார். நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்டதுபோல அவரும் அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. படம் இன்னமும் அந்த ஆப்பிலேயேதான் இருக்கிறது.

இருக்கட்டும். இன்று எங்கள் ஊர் நடுவில் என் பெட்டிகள் ஏழு இருக்கின்றன, ஏழுக்கும் கடிதம் இருக்கிறது. வழியில் பார்த்தால் அவருக்குக் காலை வணக்கத்தைச் சத்தமாகவே சொல்கிறேன். என்ன வைத்தாய், யாரைக் கேட்டு வைத்தாய் என்று யார் கேட்டாலும் நின்று பதில் சொல்வேன். நீ ஏன் இங்கே இருக்கிறாய் என்ற கேள்விக்கு மட்டும் இனி நான் யாருக்கும் பதில் சொல்வதாக இல்லை.