மாடியில் இருந்த குரல்

தொண்ணூறுகளின் கடைசியில் மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடிக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவே ஒரு கறுப்பு ஒயர் ஓடியது. மாடியில் நான். கீழே அக்கா, அத்திம்பேர், அவர்களுடைய பெண். நந்தனத்தில் என் ஆபீஸில் பழைய நெட்வொர்க் கேபிளைக் கழற்றி மூலையில் சுருட்டிப் போட்டிருந்ததைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். எதற்கு என்று கேட்டால் உருப்படியான பதில் கிடையாது. இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ள வேண்டும், மாடியில் இருக்கும் பாட்டு கீழே கேட்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாக இருந்தன.

அக்கா பாட்டு டீச்சர். நான் முற்றத்தின் மேலே ஒயரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது கீழே நின்று பார்த்துவிட்டு, "ஏண்டா, மாடிலேர்ந்து கத்தினா கீழ கேக்காதா? அதுக்கு ஒரு ஒயரா?" என்றாள். அவளுடைய குரலுக்கு ஒயர் தேவையில்லைதான். அவள் கூடத்தில் பாடம் சொன்னால் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவருக்குத் தாளம் தெரியும்.

அடுத்த வருஷம் அவளுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிரைக் காப்பாற்ற வேறு வழி இல்லை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் ஈரத்துணி. வீட்டுக்கு வந்த அன்று அவள் வாயசைத்தாள், காற்று மட்டும் வந்தது. ஸ்லேட்டில் எழுதிக் காட்டினாள். பிறகு எழுதுவதையும் குறைத்துக்கொண்டாள். பேசிப் பழகியவர்களுக்கு எழுத்து பேச்சாகிவிடாது.

எனக்குத் தெரிந்த வைத்தியத்தை நான் செய்தேன். மாணவிகள் பாடத்தை கேசட்டில் பதிவு செய்துகொண்டு போவது வழக்கம். அவற்றில் சில வீட்டிலேயே தங்கிப்போயிருந்தன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அவளுக்கே போட்டுக் காட்டலாம் என்று தோன்றியது. டேப்ரெக்கார்டரை இணைத்ததும் 'உம்ம்' என்று ஓர் இரைச்சல். ஒயரை மாற்றினேன், சவுண்ட் கார்டை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் டேப்ரெக்கார்டர், கம்ப்யூட்டர் இரண்டையும் ஒரே பிளக் போர்டில் சொருகியதும் இரைச்சல் நின்றது. அந்த ஒரு வாரமும் நான் சந்தோஷமாகவே இருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இரைச்சலுக்கு ஒரு காரணம் இருந்தது, தேடினால் கிடைத்தது. கீழே படுத்திருந்தவளுக்கு அப்படி எதுவும் இல்லை.

பாட்டைப் போட்டதும் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நிறுத்தப் போனேன். அதற்குள் பாட்டு முடிந்து டேப்பில் அவள் பேச்சு வந்தது: "ம், சரி. இன்னொரு தரம்." அக்கா தலையைத் தூக்கினாள். விரலால் காட்டினாள், அதே இடத்தை மறுபடி போடச் சொல்லி. நாலைந்து முறை கேட்டாள். அவள் இழந்தது பாட்டை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு வேண்டியிருந்தது பேச்சு.

அதற்குப் பிறகு பாட்டை விட்டுவிட்டுப் பேச்சை வெட்டினேன். ஒவ்வொரு சொல்லும் ஒரு சின்ன ஃபைல். 'சரி', 'உக்காரு', 'அப்படி இல்லை', 'யாரு வந்திருக்கா?'. கீழே இருந்தது பழைய கம்ப்யூட்டர், அதில் இடமே கிடையாது. அதனால் எல்லாம் மாடியில் என் கம்ப்யூட்டரில் இருந்தன. அக்கா கீழே மவுஸை அழுத்தினால் குரல் மாடியிலிருந்து ஒயர் வழியே இறங்கிவந்து அவள் பக்கத்து ஸ்பீக்கரில் பேசும். கை தவறி எதையும் அழித்துவிடக் கூடாது என்று, கீழேயிருந்து கேட்க மட்டும் முடியும்படி பூட்டி வைத்தேன். அத்திம்பேர் முதன்முதலாக ரசம் வைத்த அன்று அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய் அழுத்தினாள். "சுருதி சேரலை" என்றது ஸ்பீக்கர். அத்திம்பேர் கரண்டியோடு நின்று சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் அழுதுவிட்டார்.

ஒரு நாள் மத்தியானம் குரல் நின்றுபோயிற்று. எனக்கு ஆபீஸுக்கு போன் வந்தது. ஓடி வந்து சாஃப்ட்வேரை எல்லாம் குடைந்தேன். பிறகுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். முற்றத்தில் என் கேபிளின் மேல் அத்திம்பேரின் வேஷ்டி சொட்டிக்கொண்டிருந்தது. பூஜைக்கு உடுத்தும் மடித்துணி யார் கையும் படாத உயரத்தில் உலர வேண்டும், கொம்பால்தான் அதைப் போடவும் எடுக்கவும் வேண்டும். அந்த வீட்டில் அவ்வளவு உயரத்தில், யாரும் தொடாத ஒரே கொடி என் ஒயர்தான். பாரம் தாங்காமல் கடைசியில் இருந்த மூடி கழன்றிருந்தது. அந்த மாதிரி நெட்வொர்க்கில் ஒரு முனை கழன்றாலும் இரண்டு பக்கமும் செத்துப்போகும். விஷயம் தெரிந்ததும் அத்திம்பேர் கொம்பை எடுத்து வேஷ்டியை இறக்கினார். மறுநாளிலிருந்து தினமும் குளித்தவுடன் அந்த ஒயரை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்தார்.

குறை ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொன்னவள் அக்காவின் பெண். காலேஜில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். அம்மா அவளைக் கூப்பிட வேண்டுமானால் கையைத் தட்டுவாள். "எல்லார்கிட்டயும் பேச ஏதோ ஒண்ணு இருக்கு, மாமா. என்கிட்ட பேச ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

காரணம் எனக்குத் தெரியும். பாடம் நடக்கும்போது அக்காவின் ஒரு கை டேப்ரெக்கார்டரில் பதிவை நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனிலேயே இருக்கும். குக்கர் விசில் அடித்தால், காய்க்காரர் கூப்பிட்டால், வீட்டில் யாராவது வாயைத் திறந்தால் உடனே அழுத்திவிடுவாள். பாட கேசட்டில் வீடு கேட்கக் கூடாது என்பது அவள் சட்டம். அதை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தாள். ஊரார் பெண்களோடு மணிக்கணக்காகப் பேசிய குரல் இருந்தது, பெற்ற பெண்ணோடு பேசியது இல்லை.

தேடலாம் என்றேன். பழைய மாணவிகளின் வீடுகளுக்குப் போனேன். மேற்கு மாம்பலம், தி.நகர், அடையாறு. பல வீடுகளில் கேசட்டின் மேல் சினிமாப் பாட்டைப் பதிந்திருந்தார்கள். சைதாப்பேட்டையில் ஒரு பெண்ணின் அம்மா, "டீச்சர் எப்டி கீறாங்க சார்?" என்று கேட்டுவிட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த கேசட்டுகளை எடுத்துக் கொடுத்தார். ஒன்றைக்கூட அழிக்கவில்லையாம்.

அவற்றில் ஒன்றில்தான் கிடைத்தது. சரளி வரிசை போய்க்கொண்டிருக்கிறது. நடுவே சின்னக் கொலுசுச் சத்தம் ஓடி வருகிறது. "அம்மா" என்கிறது ஒரு குழந்தை. அக்காவின் குரல்: "பாடம் நடந்துண்டிருக்கு, தெரியலை? உள்ள போ." உடனே பாஸ் பட்டனின் 'டக்'.

அதையும் வழக்கம்போல வெட்டி, வழக்கம்போல எல்லா ஃபைலும் இருக்கும் இடத்தில் போட்டுவிட்டேன். கை பழக்கம். காட்டுவதா வேண்டாமா என்று யோசித்தபடி நான் படி இறங்குவதற்குள், புது ஃபைல் வந்திருப்பதைப் பார்த்து அக்கா அழுத்திவிட்டாள். பாதிப் படியில் நின்று நானும் கேட்டேன்.

கூடத்துக்குப் போனபோது அவள் அதை அழிக்க முயன்றுகொண்டிருந்தாள். முடியாது என்று திரை சொன்னது. மறுபடி முயன்றாள், மறுபடி அதையே சொன்னது. பூட்டியவன் நான் அல்லவா? என் பக்கம் திரும்பி, உள்ளங்கையால் காற்றைத் துடைப்பது போலக் காட்டினாள். கண்ணீர் வழிந்து கழுத்துத் துணியை நனைத்தது. நான் மாடிப்படிப் பக்கம் திரும்பினேன். அழித்துவிடத்தான் போனேன்.

சமையலறை வாசலில் அவள் பெண் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அழிக்காதீங்கோ மாமா. அம்மா என்னோட பேசினது அது ஒண்ணுதான் இருக்கு."

நான் அழிக்கவில்லை. அக்கா அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் இருந்தாள். ஒரு தடவைகூட அதை அழுத்தவில்லை. பெண்ணைக் கூப்பிட முன்போலவே கையைத் தட்டினாள். வந்ததும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள், வேலை எதுவும் இல்லாவிட்டாலும். வியாதி திரும்பி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், மழைக்காலத்தில் போய்விட்டாள்.

எந்த ஃபைல் கீழே திறந்திருக்கிறது என்று மாடியில் என் திரையில் தெரியும். காரியங்கள் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, ஒரு காலையில் ஆபீஸுக்குப் புறப்படும் சமயம், இனி எதற்கு என்று கம்ப்யூட்டரை அணைக்கப் போனபோது பார்த்தேன். அந்த ஒரு ஃபைல் திறந்தது, மூடியது, திரும்பவும் திறந்தது. நான் கம்ப்யூட்டரை அணைக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினேன். அதற்குப் பிறகும் பகலில் அதை அணைப்பதே இல்லை.