அப்பா மாற்றிச் சொன்ன முடிவு

இன்று அம்மாவையும் அப்பாவையும் மெல்பேர்ன் நகரத்துத் தியேட்டரில் ஒரு பழைய ஜப்பானியப் படத்துக்குக் கூட்டிப் போனேன். ஒருவரையொருவர் கொல்லத் திரியும் இரண்டு கூலிக் கொலைகாரர்களின் கதை. கறுப்புக் கண்ணாடி, வெள்ளை சூட், மழைக்குள் துப்பாக்கிச் சண்டை.

எழுபதுகளில், அம்மா கல்யாணம் முடிந்து இங்கே வந்த முதல் வாரம், அப்பா காட்டிய படம் இது. கடைசிச் சண்டையில் அம்மா கண்ணைப் பொத்திக்கொண்டாராம். இருவரும் சமாதானமாகிச் சேர்ந்து சாப்பிடப் போனார்கள் என்று அப்பா முடிவைச் சொல்லியிருக்கிறார். இத்தனை வருடமும் அம்மா அதை நம்பியிருந்தார்.

இன்று கண்ணைத் திறந்து வைத்திருந்தார்.

“என்னப்பா இது, ரெண்டு பேரும் செத்துப் போட்டாங்கள்!”

தியேட்டரே திரும்பிப் பார்த்தது.

ரயிலில் ஏறியதும் விசாரணை தொடங்கியது. “ஏன் பொய் சொன்னனீங்கள்?”

“அப்ப நீர் ஊரை நினைச்சு ஒவ்வொரு நாளும் அழுதுகொண்டிருந்தனீர். செத்திட்டாங்கள் எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் இறங்க வேண்டிய கிளென் வேவர்லி ஸ்டேஷன் நெருங்கும்போது அப்பா மெதுவாகச் சொன்னார். “இன்னொண்டு. உம்மைக் கூட்டிக்கொண்டு போக முதலே நான் அந்தப் படத்தை மூண்டு தரம் பாத்திட்டன்.”

“அது எனக்குத் தெரியும். சண்டை துவங்க முதலே கண்ணைப் பொத்தச் சொன்னது நீங்கள்தானே?”

இரண்டு கொலைகாரர்களும் கடைசிவரை உயிரோடு இருக்கும் ஜப்பானியப் படம் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு அம்மாவைத் தானே கூட்டிப் போவதாக அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார்.