புகைக்கொட்டகைத் தூக்கம்

பெக்கோக்கை அடுத்த கித்தாத் தோட்டத்தில் நான் ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்த காலம். என் கணவரைப் புகைக்கொட்டகைக்கு மாற்றினார்கள். உறைந்த பாலைத் தகடாக்கி, கழிகளில் தொங்கவிட்டு, அடியில் விறகு மூட்டி உலர்த்தும் இடம் அது. நெருப்பு அணையவும் கூடாது, கொழுந்துவிடவும் கூடாது. இரவு முழுக்க ஒரே ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவர் வீடு திரும்பும்போது நான் வெட்டுக்குப் போயிருப்பேன். மதியம் வந்து பார்த்தால், சன்னலைச் சாக்கால் மறைத்துவிட்டு, விழித்தபடி படுத்திருப்பார்.

"தூங்கலையா?"

"வந்ததும் கண்ணு சொருவுது புள்ள. வெயில் ஏற ஏற முழிப்பு வந்துருது."

சாயங்காலம் தொட்டால் உடம்பு கதகதவென்றிருக்கும். காய்ச்சலோ என்று பயந்தேன். ஒருநாள் வேலைக்குப் போகுமுன், விடியாத நேரத்தில், அவருக்குக் காப்பி கொண்டுபோனேன். நெருப்புக்கு அருகில்தான் உட்கார்ந்திருந்தார். கை சில்லென்றிருந்தது. தலை மார்பில் விழுந்து விழுந்து நிமிர்ந்தது.

லயத்து வீடுகளில் இருந்தவர்கள் முனி அடித்துவிட்டது என்றார்கள். மந்திரித்த கயிறு கட்டினோம். ஒன்றும் மாறவில்லை. அவரைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டிரெஸ்ஸர் ஐயா சூடு பார்க்கும் கண்ணாடிக் குழாயை அவர் நாக்கடியில் வைத்துப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லம்மா. நல்லா இருக்கிற உடம்புலயும் சூடு ஏறி எறங்கும். சாயங்காலம் கூடும், விடியறதுக்கு முந்தி நல்லாக் கொறையும். அந்த நேரத்துலதான் தூக்கம் ஆளை அமுக்கும். காலையில சூடு ஏற ஆரம்பிச்சா, தூக்கம் கலைஞ்சிரும்."

"பழகிட்டா சரியாயிருமா ஐயா?"

"சில பேருக்குக் கொஞ்சம் பழகும். இவரு உடம்பு இன்னும் பழகல."

துணைக்கு ஓர் ஆள் வேண்டுமென்று, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியிடம் கேட்டோம்.

"உக்காந்து நெருப்பைப் பாக்கிற வேலைக்குத் தொணையா?" என்று சிரித்தார் அவர்.

மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். கித்தா கருகும் நாற்றம் வந்தது. ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் ஆண்கள் அவரை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். தொங்கிய தகடுகள் உருகி அவர் வலது கைமேல் விழுந்திருந்தன. அவர் அழவில்லை.

"எப்பத் தூங்கினேன்னு தெரியல" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போதே கிராணி வந்து நின்றார். "கள்ளு குடிச்சிருந்தானா?"

டிரெஸ்ஸர் ஐயா நிமிர்ந்து பார்த்தார். "இல்ல. அந்த நேரத்துல நீங்க உக்காந்திருந்தாலும் தூங்கியிருப்பீங்க. துரைகிட்ட நானே சொல்றேன்."

சொல்லவும் செய்தார். அதன்பின் அங்கே இரண்டு பேரைப் போட்டு, பாதி இரவில் ஆள் மாற்றினார்கள். என் கணவரின் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. வெட்டுக்கத்தி பிடிக்க முடியாது. நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பகல் வேலை கொடுத்தார்கள்.

இரவுத் தூக்கம் அவருக்கு உடனே திரும்பவில்லை. பல நாள் இருட்டில் எழுந்து உட்கார்ந்து, நெருப்பு இருக்கிறதா என்று கேட்பார். பிறகு ஒரு காலை, நான் எழுப்பித்தான் எழுந்தார். முகமெல்லாம் பாய்த்தடம்.

"கனா வந்துச்சு புள்ள" என்றார். கொட்டகைக்குப் போன நாளிலிருந்து அவர் கனவு கண்டதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. என்ன கனவு என்று கேட்கவில்லை. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடித்துவிட்டார்கள். இருவரும் சேர்ந்தே கிளம்பினோம்.