மச்சான் கையில் அடித்த துடிப்பு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதையும் நீங்கள் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

எனக்கு இதயம் தாறுமாறாக அடிக்கும். இரண்டு அடி ஓடும், ஒன்று நிற்கும், பிறகு திமுதிமுவென்று வரும். அடையாறில் டாக்டர் மாத்திரை கொடுத்தார். கட்டைவிரலை வைத்தால் உங்கள் விரல் துடிப்பே தெரியும், நடு மூன்று விரலை மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். தினமும் காலையில் பார்ப்பேன். ஊரூர் குப்பத்தில் மீன் பிடிக்கிற என் மச்சான் சேகர், மனைவியின் தம்பி, அதைப் பார்த்துச் சிரிப்பான்.

"இன்னா மாமா, வண்டி ஓடுதா, தள்ளணுமா?"

கடைசியில் போனவன் அவன்தான். போட்டை மணலில் இழுக்கும்போதே சாய்ந்தான். ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் கிடத்தி, கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டச் சொல்லி என்னிடம் துணியைக் கொடுத்தார்கள். நல்ல வெயில் நேரம். கையைப் பிடித்தேன், பழக்கத்தில் மூன்று விரலும் தானாகவே மணிக்கட்டில் போய் உட்கார்ந்தன. துடித்தது. என்னுடையதாக இருந்தால் தடுக்கி விழுந்திருக்கும், இது துடுப்புப் போடுகிற மாதிரி ஒரே சீராக அடித்தது. கை மட்டும் ஐஸ்.

நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிற நான் அன்று கத்திவிட்டேன். "அடிக்குது! உயிர் கீது!"

என் மனைவி கோமதி அவன்மேல் விழுந்து, "கண்ணத் தொறடா" என்று உலுக்கினாள். தெருமுனை டாக்டரை இழுத்து வந்தார்கள். அவர் நெஞ்சில் குழாய் வைத்தார், கண்ணில் டார்ச் அடித்தார். "ஒண்ணும் இல்லம்மா, எப்பவோ போயிட்டாரு." ஒரே நாளில் இரண்டு தடவை தம்பியைப் பறிகொடுத்தாள் அவள். மாமியார் எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தார்.

"சீக்குக்காரன் நீ குந்திக்கினு கீற, எம்புள்ள போய்ட்டான். இதுல வெளாட்டு வேறயா?"

பாடையில் வைக்கும்போது மறுபடி தொட்டேன். அடித்தது. சொன்னேன். என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டுத் தூக்கிப் போய்ப் புதைத்தார்கள்.

அடுத்த முறை போனபோது டாக்டர் ஈசிஜி தாளைப் பார்த்து, துடிப்பு ஒழுங்காகிவிட்டது, மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்றார். இருக்கலாம்.

கோமதி இப்போது என்னிடம் பேசுவதில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் என் கையை மடியில் இழுத்து வைத்துக்கொள்கிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை. மணிக்கட்டை அழுத்திப் பிடித்தபடி, குனிந்து அதனிடம் கேட்கிறாள்.

"சேகரு, சாப்ட்டியாடா?"

கேட்டதும் துடிப்பு வேகம் எடுக்கிறது. எனக்கும் தெரிகிறது, அவளுக்கும் தெரிகிறது. நான் கையை இழுத்துக்கொள்வதில்லை.