எண்டர் தட்டும் முன்

நாலு கிளை கொண்ட அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தின் தலைமை அலுவலகம் குரோம்பேட்டையில் இருந்தது. நோயாளிகளின் பெயர்களும் முடிவுகளும் வந்து சேரும் டேட்டாபேஸை ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டவள் அஸ்தினாபுரம் ஷம்சாத்.

அவள் திரையில் படமும் இல்லை, பொத்தானும் இல்லை. கருப்பில் வெள்ளை எழுத்து மட்டும். கட்டளையை டைப் செய்வாள், ஒருமுறை வாய்க்குள் படிப்பாள், பிஸ்மில்லாஹ் சொல்வாள், அப்புறம்தான் எண்டர். அந்த ஒரு மூச்சு நேரத்தில் அவள் கண்டுபிடித்த தப்புகள் அவளுக்கு மட்டுமே தெரியும்.

2007 ஜூன் மாதம் மேனேஜர் லக்ஷ்மிநாராயணன் புது சாஃப்ட்வேர் வாங்கினார். எல்லாம் எக்ஸெல் மாதிரி கட்டம் கட்டமாகத் தெரியும், மௌஸால் அமுக்கினால் போதும். புதிதாகச் சேர்ந்த ரவி அதில் புலி.

“ஒரு வாரம் அவங்கவங்க வழியில பாருங்க. திங்கட்கிழமைலேர்ந்து ஒண்ணுதான்,” என்றார் மேனேஜர். ஒன்று என்றால் ரவியின் வழி, பொறுப்பும் அவனோடு போய்விடும் என்பது ஷம்சாத்துக்குப் புரியாமல் இல்லை.

“இன்னாக்கா, இன்னும் டைப் அடிச்சுக்கினு கீறீங்க?” என்பான் ரவி.

“டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணவப்பா. வீணாப் போகக்கூடாதுல்ல.”

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. மேடவாக்கம் கிளையிலிருந்து செல்வமேரி போனில் கத்தினாள்: “சார், எதுவுமே சேவ் ஆகல. நாப்பது பேர் நிக்கிறாங்க.”

ரவியின் கட்டத் திரையும் உறைந்துகிடந்தது. “சர்வரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிரலாம் சார்.”

மேனேஜர் எழுந்தே விட்டார்.

“இருங்க சார்,” என்றாள் ஷம்சாத். “மெஷின் அனுப்பின முடிவுங்க பாதியில நிக்குது. ஆஃப் பண்ணா எல்லாத்தையும் மறுபடி ஓட்டணும். ரத்தம் மிச்சமில்லாதவங்களுக்கு மறுபடி ஊசி. ரெண்டு நிமிஷம் குடுங்க.”

எந்தக் கணினி எதற்காகக் காத்திருக்கிறது என்று டேட்டாபேஸிடம் இரண்டு வரி டைப் செய்து கேட்டாள். பட்டியல் இறங்கியது. அத்தனை கணினிகளும் ஒரே ஒரு கணினிக்குப் பின்னால் வரிசை கட்டி நின்றன. அதன் பெயரைப் படித்துவிட்டுத் திரும்பினாள்.

“ரவி, காலையில எதையாவது திருத்தினியா?”

“ஒரு பெரியவர் வயசுக்கா. அறுபத்தேழுன்னு மாத்திட்டு டீக்கு…”

“சேவ் அமுக்கினியா?”

ரவி நாக்கைக் கடித்துக்கொண்டான். திருத்தியதைச் சேமிக்காமல் கட்டத்தைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் போயிருந்தான். ஒரு திருத்தம் முடியும்வரை மற்றவர்கள் எழுத முடியாதபடி டேட்டாபேஸ் பிடித்துவைத்திருந்தது; அந்தப் பிடியில்தான் நாலு கிளையும் நின்றது.

“நீ மூடறியா, நான் மூடட்டுமா?”

“என்னுது தொங்குதுக்கா. நீங்களே மூடிருங்க.”

ஒரே வரி. படித்தாள், பிஸ்மில்லாஹ், எண்டர்.

“வந்துருச்சு சார்,” என்றாள் போனில் செல்வமேரி.

திங்கட்கிழமை மேனேஜர் கேட்டார், “அப்போ கருப்புத் திரைதானா மேடம்?”

“ரெண்டும் வேணும் சார். பாக்கறதுக்கு ரவியோட கட்டம் நல்லாருக்கு, நானும் கத்துக்கறேன். மாத்தறதுன்னா மட்டும் டைப் அடிச்சுத்தான். ரவிக்கும் சேத்துத்தான் சொல்றேன்.”

மேனேஜர் அதையே விதியாக எழுதி, அடியில் ‘பொறுப்பு: ஷம்சாத்’ என்று போட்டு நோட்டீஸ் போர்டில் குத்தினார். அன்று அவள் நாலு தடவை தண்ணீர் குடிக்கப் போனாள். தண்ணீர் கேன் போர்டுக்குக் கீழே இருந்தது.

சாயங்காலம் ரவி கருப்புத் திரைமுன் உட்கார்ந்தான். “எண்டருக்கு முன்ன நான் இன்னாக்கா சொல்றது?”

“உன் சாமி பேரச் சொல்லு. ஆனா படிச்சிட்டுச் சொல்லு.”

“குன்றத்தூர் முருகா,” என்று எண்டர்மேல் விரல் வைத்தவன், சட்டென்று எடுத்தான். ஒரு எண் தப்பாக இருந்தது.

ஷம்சாத் பார்க்காதவள்போலத் தன் திரைக்குத் திரும்பினாள்.