மதலேனம்மாள் சேர்த்த தவறுகள்

“அம்பத்திரண்டு ஆடு. அதுல இருபத்தேழு மேய்ச்சலுக்குப் போயிடுச்சு. பட்டியில மிச்சம் எத்தினி?”

அரியலூர்ச் சந்தையில் சுண்டைக்காய் வாங்க வந்த மதலேனம்மாள் கேட்கிற கேள்வி இது. எதிரே நிற்பவள் ஆட்டு வியாபாரி மதுரைவீரனின் மகள், மூன்றாம் வகுப்பு. அவள் குந்தி உட்கார்ந்து மண்ணில் விரலால் எழுதிப் பார்த்து, “முப்பத்தஞ்சு” என்கிறாள். டீச்சரம்மாவின் முகம் மலர்ந்துவிடுகிறது. சரியான விடை சொன்ன யாரிடமும் அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

“எப்புடி வந்துச்சு? சொல்லு, சொல்லு.”

“ரெண்டுலேர்ந்து ஏழு போவாதுல்ல? அதான் ஏழுலேர்ந்து ரெண்டக் கழிச்சேன்.”

“பத்து ஆடு கூடவே வந்திருக்கு. நல்லதுதானே டீச்சரம்மா!” என்று மதுரைவீரன் சிரிக்கிறான்.

மதலேனம்மாளுக்கு அது காதில் விழவில்லை. பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டு, சிறுமி சொன்னதை அப்படியே எழுதிக்கொள்கிறார். எழுதி முடித்த பிறகுதான் கீழே கிடக்கும் கற்களைப் பொறுக்கிப் பத்துப் பத்தாகக் குவித்து, கணக்கைச் சரியாகப் போட்டுக் காட்டுகிறார். சிறுமிக்குப் புரிந்துவிட்டது. டீச்சரம்மா சுண்டைக்காயை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மதலேனம்மாள் எங்கள் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறவர். ‘பெண்கள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி’ என்று வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. ஊரார் ‘டிரெய்னிங் ஸ்கூல்’ என்று சுருக்கிவிட்டார்கள். நான் அங்கே சித்திர வாத்தியார். ஏலாக்குறிச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர் டீச்சரம்மா. வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். வெள்ளைப் புடவை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிறு சிலுவை, நடையில் எப்போதும் ரயிலுக்குப் போகிற அவசரம். கணவர் சவரியார் ரயிலடியில் கூட்ஸ் கிளார்க். தப்பே செய்யாத மனிதர் என்று பெயர் எடுத்தவர். அதனாலோ என்னவோ, அவரைப் பற்றிப் பேச மனைவிக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

கணக்குப் பாடம் போக, கல்லூரியின் பழைய வேலைகளை வைத்திருக்கும் அறையும் மதலேனம்மாள் பொறுப்பு. படித்துவிட்டுப் போன மாணவிகள் எழுதியது, வரைந்தது, தைத்தது எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அறையைத் திறந்ததும், பூச்சி அரிக்காமலிருக்கப் போட்ட வசம்பின் வாடை முகத்தில் அடிக்கும். அலமாரிக் கதவுகளைச் சாவிக்கொத்தால் தட்டிவிட்டுத்தான் திறப்பார். “தேளு கீளு இருந்தா ஒதுங்கிக்கட்டுமே சார். அதுவும் பாவம், குடியிருக்குது” என்பார்.

உள்ளே என்னதான் இல்லை? பாடக் குறிப்புகள் வருஷ வாரியாகக் கட்டிக் கிடக்கின்றன. விடுதிப் பெண்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகை இருக்கிறது. அதில் சமையற்காரரின் சாம்பாரைப் பற்றி ஒரு வெண்பாவும் உண்டு. இலைகளை ஒட்டிய புத்தகங்கள், பொத்தான் துளை தைத்துப் பழகிய துணிகள், களிமண்ணில் செய்து வெடித்துப்போன மலைகள். நம் பக்கத்துச் சுண்ணாம்பு ஓடைகளில் பொறுக்கிய, கல்லாகிப்போன சிப்பிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அதில் ஒரு மாணவி சீட்டு எழுதி வைத்திருக்கிறாள்: ‘முன்னொரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்று டீச்சர் சொன்னார்கள். என் அப்பா நம்பவில்லை.’

வாலிகண்டபுரத்துப் பெண் ஒருத்தி என் வகுப்பில் ஜில்லாப் படம் வரைந்தாள். அதில் திருச்சியைவிட வாலிகண்டபுரம் பெரிதாக இருந்தது. நான் அதைக் குப்பைக் கூடையில் போடப் போனேன். மதலேனம்மாள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். “அவ ஊரு அவளுக்குப் பெருசு. இருந்துட்டுப் போவட்டும் சார்.” அந்தப் படம் இப்போது அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. என்னுடைய நல்ல படம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மட்டும், “நீங்க வாத்தியாரு. ஒங்களுது எதுக்கு?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குக் கோபம்தான்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு, இயற்றியவரும் அவர்தான். மாணவிகளின் வேலை எதுவானாலும், எவ்வளவு கோணலானாலும் வரலாம். ஆசிரியர்களுடையது அச்சாகியிருந்தால் மட்டும் மேல் தட்டில் இடம். அங்கே, எங்கள் கல்லூரியில் முன்னாளில் வேலை பார்த்தவர்கள் எழுதிய மூன்று நான்கு புத்தகங்கள் கண்ணாடிக்குள் இருக்கின்றன. பள்ளித் தோட்டம் போடுவது பற்றி ஒன்று, சிறுவர்களுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுப்பது பற்றி ஒன்று. துடைக்கும்போதெல்லாம் மதலேனம்மாள் அவற்றைக் கொஞ்சம் நகர்த்தி, ஓரத்தில் ஒரு புத்தகத்துக்கு இடம் விட்டு வைப்பார். அது யாருக்கு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சந்தையிலும் பஸ்ஸிலும் கோயில் வாசலிலும் அவர் சேர்த்த துண்டுக் காகிதங்கள் ஒரு ஆராய்ச்சி நூலாகியிருந்தன. ‘குழந்தைகள் கணக்கில் செய்யும் தவறுகள்’ என்று தலைப்பு. எந்தத் தவறும் சும்மா வருவதில்லை, அதற்குக் குழந்தையிடம் ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கேட்காமல் பிரம்பை எடுப்பவர் வாத்தியாரே இல்லை என்பது அதன் சாரம். யுத்தத்துக்கு முன் வாங்கிய கெட்டிக் காகிதத்தில், அச்சகத்தார் சொன்னபடி ஒரு பக்கம் மட்டும் எழுதி, முத்து முத்தான கையெழுத்தில் முடித்து வைத்திருந்தார். பெரிய கட்டு. திருச்சி அச்சகத்தார் “காகிதம் இல்லீங்க. சண்டை முடியட்டும்” என்று சொல்லிவிட்டார்கள். கட்டு வீட்டு அலமாரியில் காத்திருந்தது.

காகிதத் தட்டுப்பாடு எங்களையும் விடவில்லை. பயிற்சி முடிக்கும் ஒவ்வொரு மாணவியும் ஒரு குழந்தையைக் கவனித்து, அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் காட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து முத்திரை போட்டால்தான் சர்டிபிகேட். இந்த வருஷம் காகிதம் வந்து சேரவேயில்லை. பாடங்களைச் சிலேட்டில் சமாளித்துவிட்டோம். கட்டுரையைச் சிலேட்டில் எழுதி எப்படிக் கொடுப்பது? சிறுவாச்சூர் கலியம்மாளுக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். “இந்த வருசம் சர்டிபிகேட் இல்லேன்னா அந்த எடம் வேற ஆளுக்குப் போயிடும் டீச்சர்” என்று வகுப்பிலேயே அழுதுவிட்டாள்.

கல்லூரித் தலைவி லீலாவதி அம்மாள் நல்லவர். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பழைய வேலைகள் இருக்கும் அறைக்கே வந்துவிட்டார். சுவரில் படம் மாட்டிக்கொண்டிருந்த நான் ஏணியின் மேல் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டேன்.

“மதலேனம்மா, இந்தப் பாடக் குறிப்பெல்லாம் ஒரு பக்கந்தானே எழுதியிருக்கு? பின்பக்கம் சும்மாத்தான கெடக்கு. அதைக் கொடுத்தா இந்தப் பிள்ளைங்க எழுதிடும்.”

“அது வேணாம்மா. பழசாகி ஒடியற காகிதம். பேனா பட்டா பொத்துக்கும். இன்னொண்ணு, எழுதுன பிள்ளைங்க படிச்சு முடிச்சுப் போயிட்டாங்க. கேக்க ஆளு இல்லேன்னுதானே நாம கைய வைக்கிறோம்?”

“சரி. அப்ப இப்ப இருக்குற பிள்ளைங்க என்ன செய்யும்?”

மதலேனம்மாள் அலமாரிப் பக்கம் திரும்பினார். வசம்புத் துண்டு ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு அதை அலமாரியில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே போனார். அன்று சாயங்காலம் அவரோடு ரயிலடி வரை நடந்தேன். வழியில் எத்தனையோ குழந்தைகள் எதிர்ப்பட்டார்கள். ஒருவரிடமும் அவர் கணக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே சவரியார் ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார், பின்னால் டீச்சரம்மா. மூட்டையைத் தலைவியின் மேஜைமேல் வைத்துவிட்டு, சவரியார் மனைவியைப் பார்த்து, “இன்னொரு தரம் யோசிச்சுக்கயேன்” என்றார். அவர் கல்லூரிக்குள் வாய் திறந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

“யோசிச்சாச்சுங்க. நீங்க போங்க, வண்டிக்கு நேரமாவுது.”

லீலாவதி அம்மாள் சாக்கைப் பிரித்தார். மேலே தலைப்புத் தாள். பதறிவிட்டார். “ஐயையோ, இது ஒங்க புஸ்தகமாச்சே!”

“புஸ்தகம் முன்பக்கத்துல இருக்கும்மா. நான் குடுக்கறது பின்பக்கம். கெட்டிக் காகிதம், மை ஊறாது. சண்ட முடியிற வரைக்கும் தூங்கத்தானே போவுது? அதுக்குள்ள ஒரு வேல பாக்கட்டும்.”

சொல்லும்போது சிரித்தார். ஆனால் மாணவிகள் வந்து ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டபோது ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பெண்கள் பக்க எண்ணையெல்லாம் பார்க்கவில்லை. கைக்கு வந்ததை எடுத்தார்கள். நடுவிலிருந்து ஒருத்தி, கடைசியிலிருந்து ஒருத்தி. தலைப்புத் தாள் கலியம்மாளிடம் போய்ச் சேர்ந்தது. அவள் அதை வைத்துக்கொண்டு தயங்கினாள்.

“டீச்சர், இதுல ஒங்க பேரு இருக்கே.”

“ஒன் பக்கத்தப் பாரு. கோடு போட்டுக்கிட்டு எழுது.”

அடுத்த சில நாட்கள் விடுதியில் ஒரே சிரிப்பு. கட்டுரை எழுத உட்கார்ந்தவர்கள் தாளைத் திருப்பித் திருப்பி டீச்சரம்மா சேர்த்த தவறுகளைப் படித்தார்கள். தன்னிடம் உள்ள பக்கம் பாதியில் நின்றுவிட, மிச்சத்தைத் தேடி ஒருத்தி அடுத்த அறைக்கு ஓடினாள். “இந்தத் தப்ப நானே செஞ்சிருக்கேன்டி!” என்று ரெங்கம்மாள் கத்தியது ஆசிரியர் அறை வரை கேட்டது. அந்தப் புத்தகம் அச்சாகியிருந்தால்கூட இத்தனை பேர் இவ்வளவு ஆசையாகப் படித்திருப்பார்களா என்பது சந்தேகம். மதலேனம்மாளிடம் சொன்னேன். “போங்க சார்” என்றார். ஆனால் அன்று மத்தியானம் எனக்கு அவருடைய டிபன் டப்பாவிலிருந்து கூடுதலாக ஒரு கொழுக்கட்டை கிடைத்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். கட்டுரைகளை மட்டும் பார்த்தாரா, தாளின் மறுபக்கமும் பார்த்தாரா தெரியாது. ஒவ்வொன்றிலும் ஊதா மையில் முத்திரை குத்திவிட்டுப் போனார். ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் தேறிவிட்டார்கள். கலியம்மாள் சிறுவாச்சூர்ப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள்.

போன வாரம் கட்டுரைகள் அறைக்கு வந்தன. சட்டப்படி வர வேண்டியவைதானே. அடுக்குவதற்கு நானும் கை கொடுத்தேன். லீலாவதி அம்மாளும் வந்தார். அவர் மனதில் இந்த விஷயம் உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

“மதலேனம்மா, பிள்ளைங்கதான் பாஸாயிட்டாங்களே. இனிமே அவங்க கட்டுரைய யாரு எடுத்துப் பாக்கப் போறா? ஒங்க பக்க எண்ணு வரிசையா அடுக்கிடுங்க. ஒங்க புஸ்தகம் முழுசாக் கெடைச்சுடும். அச்சாகாட்டி என்ன, நான் சொல்றேன், மேல் தட்டுலயே வச்சிடலாம்.”

புத்தகத்தின் பக்க வரிசைக்கு அடுக்கினால் மாணவிகளின் கட்டுரைகள் சிதறிப்போகும். மாணவிகளின் வரிசைக்கு அடுக்கினால் புத்தகம் சிதறிப்போகும். இரண்டும் சேர்ந்து நடக்க வழியில்லை. மதலேனம்மாள் மேல் தட்டை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். சபலம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பார்வையை நான் பார்த்தேன்.

நான் தலைவியின் கட்சி. சொல்லாமலே வேலையைத் தொடங்கிவிட்டேன். குவியலில் தேடித் தலைப்புத் தாளை எடுத்து, எழுத்து மேலே தெரியும்படி மேஜையின் நடுவில் வைத்தேன். ‘குழந்தைகள் கணக்கில் செய்யும் தவறுகள்’. கெட்டிக் காகிதம்தான், ஆனாலும் இன்ஸ்பெக்டரின் முத்திரை மை ஊறி, இந்தப் பக்கத்திலும் ஊதாவாக ஒரு வட்டம் இடம் வலம் மாறித் தெரிந்தது.

“பாருங்க, சர்க்காரே ஒங்க புஸ்தகத்துக்கு முத்திரை போட்டிருக்கு!” என்றேன்.

மதலேனம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஊதா வட்டத்தின்மேல் உள்ளங்கையால் ஒரு தரம் தடவிக்கொடுத்தார். பிறகு அந்தத் தாளைத் திருப்பி, கலியம்மாளின் பெயர் மேலே வரும்படி வைத்து, அவளுடைய இரண்டாம் பக்கத்தைத் தேடத் தொடங்கினார்.